லோம்யார்வ் ஏரியில் விழுந்ததும் அல்கோத் சொல்லாததும்

நான் ஒட்டுக்கேட்கிறவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் வேறு மாதிரிச் சொல்கிறவர்கள் உண்டு. லோம்யார்வின் தொலைபேசி இணைப்பகம் என் வீட்டுச் சமையலறையில் இருந்தது. யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் முதலில் என்னிடம் வர வேண்டும். நான் கம்பியை எடுத்து உரிய துளையில் செருகுவேன். இணைப்பு ஒழுங்காக விழுந்ததா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கத்துக் கம்பிகள் பழையவை. சில சமயம் இணைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பது பேச்சு முடியும்வரை தெரியாது.

கேட்டது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றினாயா ஹுல்டா என்று கேட்டால், பெரும்பாலும் காப்பாற்றினேன். யார் வீட்டில் தொட்டில் வரப்போகிறது, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லித் தெரிய ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நாற்பது வருஷம் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அது அல்கோத் லிந்த்மார்க்கைப் பற்றியது.

அல்கோத் ஏரிக்கரையில் நாலைந்து பசுக்களும் கொஞ்சம் புல்வெளியும் வைத்திருந்த சாதாரண விவசாயி. ஒல்லியான ஆள், பெரிய காதுகள். அவரிடம் ஒரு குறை இருந்தது. பொய் வராது. நல்ல குணம் என்று சொல்வீர்கள். அவரோடு குடும்பம் நடத்திய கெர்டாவைக் கேட்டால் தெரியும். கல்யாணத்தன்று பாதிரியார், "சாகிறவரைக்கும் இவளை நேசிப்பியா?" என்று கேட்டபோது அல்கோத் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தார். தேவாலயத்தில் எல்லாரும் காலை மாற்றி மாற்றி நின்றோம். கடைசியில், "அதுக்குத்தான் ஐயா முயற்சி பண்றதா இருக்கேன்" என்றார். பாதிரியார் அது போதாது என்றார். கெர்டா போதும் என்றாள்.

பசுவை விற்கப் போனால் அதன் ஒவ்வொரு கோளாறையும் முதலில் சொல்லிவிடுவார். வாங்க வந்தவன், இவருக்கு விற்க மனசில்லை போலிருக்கிறது என்று போய்விடுவான். எங்கள் ஊரில் ஒரு பேச்சில் சந்தேகம் வந்தால், "அல்கோத் சொன்னாரா?" என்று கேட்பார்கள். சொன்னார் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. அல்கோத் சொன்னால் சரி.

அதனால்தான் அவரை ஊர் ஜூரியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் நகரத்து நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்கும் விவசாயிகளில் ஒருவர். வேலியைத் தள்ளி நட்டவன், அடுத்தவன் காட்டில் மானைச் சுட்டவன், இவர்களையெல்லாம் அவர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்த நாற்காலி அவருக்கு உயிர். அதற்கென்றே ஒரு கறுப்புக் கோட்டு தைத்திருந்தார். கெர்டா அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மறுநாள் கோர்ட்டு என்று ஊருக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வடக்கில் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்து வார்த்தையைச் செலவழிப்பதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை 'ஷ்யுப்' என்று உள்ளே இழுப்போம். அதுதான் ஆமாம். அல்கோத்தின் 'ஷ்யுப்'புக்கு ஊரில் தனி மதிப்பு.

போர் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் போரில் சேரவில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு கோடையில் வானத்தில் ஏதேதோ பறக்க ஆரம்பித்தது. வாலில் நெருப்போடு, சத்தத்தோடு, சத்தமில்லாமல், தாழ்வாக, உயரமாக. பத்திரிகைகள் பேய் ராக்கெட் என்று பெயர் வைத்தன. ஜெர்மன்காரன் விட்டுப்போன ராக்கெட்டை ரஷ்யாக்காரன் எங்கள் தலைக்கு மேலே விட்டுப் பார்க்கிறான் என்று பேச்சு. எதைப் பார்த்தாலும் உடனே தெரிவியுங்கள் என்று ராணுவம் அறிவித்தது. அறிவித்ததுதான் தாமதம், ஊரில் எல்லாருக்கும் கண் திறந்துகொண்டது. அதுவரை மழை வருமா என்று பார்க்கக்கூடத் தலையைத் தூக்காதவர்கள் கொக்குக் கூட்டத்தையெல்லாம் ராணுவத்துக்குச் சொன்னார்கள். எனக்குக் கம்பி செருகிச் செருகிக் கை வலித்தது.

அதிகமாகப் பார்த்தவன் குதிரை வியாபாரி சிக்ஸ்டன். ஒரே வாரத்தில் மூன்று ராக்கெட் பார்த்தான். மூன்றாவது அவன் தொழுவத்துக்குப் பின்னால் விழுந்தது. கிழட்டுக் குதிரையின் பல்லை அராவிக் குமரியாக்கி விற்கிறவன் அவன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்லி, வடிந்த நெய்யையும் தனியாக விற்றுவிடுவான்.

அல்கோத் ஒன்றும் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம், "பாக்கல" என்றார். ஜூலை நடுவில் ஒரு மத்தியானம்வரை அப்படித்தான் சொன்னார்.

அன்று அவரும் கெர்டாவும் ஏரிக்கரையில் அறுத்த புல்லைக் கழிகளில் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். கெர்டா ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காப்பிக்கு நெருப்பு மூட்டினாள். தெற்கிலிருந்து காற்றைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். சாம்பல் நிறத்தில், மரத்துண்டு மாதிரி, இரண்டு பக்கமும் கட்டை இறக்கையோடு ஒன்று வந்து ஏரி நடுவில் விழுந்தது. தண்ணீர் தென்னை உயரம் எழும்பியது என்று நான் சொல்லலாம், ஆனால் எங்கள் ஊரில் தென்னை கிடையாது, அல்கோத்தும் அப்படிச் சொல்லவில்லை. அலை வந்து கெர்டாவின் நெருப்பை அணைத்தது. வேரோடு பிடுங்கின ஆம்பல் கொடிகள் கரையில் வந்து கிடந்தன.

அல்கோத் கெர்டாவிடம் பார்த்ததைச் சொன்னார். பிறகு மிச்சப் புல்லையும் கழியில் ஏற்றி முடித்தார். மேற்கே மேகம் இருந்தது. ராக்கெட்டுக்காகப் புல்லை நனைய விட முடியுமா. வேலையை முடித்துவிட்டு என் சமையலறைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஹுல்டா, ராணுவத்துக்கு ஒரு போன் போடு."

"அண்ணே, நீங்களுமா?"

"ஷ்யுப்," என்றார்.

சிக்ஸ்டன் மூன்று ராக்கெட் சொன்னபோது நான் சிரித்தேன். அல்கோத் ஒன்று சொன்னதும் ஜன்னலைப் பார்த்தேன்.

எதிர்முனையில் இருந்தவர், "எவ்வளவு பெருசு?" என்று கேட்டார்.

"என் படகைவிடச் சின்னது."

"ரஷ்யாவோடதா?"

"அதுல ஒன்னும் எழுதியில்ல சார்."

"என்ன வேகம்?"

"நான் 'கெர்டா'ன்னு கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள விழுந்திடுச்சு."

இரண்டாம் நாள் லாரிகள் வந்துவிட்டன. தலைமை, லெப்டினன்ட் வெஸ்டின் என்கிற ஸ்டாக்ஹோம்காரர். இளம் வயது, பளபளக்கிற பூட்ஸ், எங்கள் கொசுக்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். ஏரிக்குப் போகும் பாதையில் 'ராணுவ ரகசியம்' என்று ஒரு பலகை அடித்தார்கள். அதுவரை விஷயம் தெரியாமலிருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தப் பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அல்கோத்தை அவர் வீட்டிலேயே விசாரித்தார்கள். கெர்டா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"நீங்க பொருளை உங்க கண்ணால பாத்தீங்களா, மிஸ்டர் லிந்த்மார்க்?"

அல்கோத் மூச்சை உள்ளே இழுத்தார்.

"கேக்குறேன்ல? பாத்தீங்களா?"

மறுபடி இழுத்தார்.

லெப்டினன்ட் பேனாவை வைத்துவிட்டு, "உங்களுக்கு இழுப்பு இருக்கா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார். கெர்டாதான் மொழிபெயர்த்தாள்.

அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஏரியைப் பற்றியும் அதில் விழுந்ததைப் பற்றியும் ராணுவம் அனுமதிக்கும்வரை யாரிடமும் பேசக்கூடாது. அல்கோத் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டார். கையெழுத்து என்றால் அவருக்குக் கையெழுத்து.

சிக்ஸ்டனிடமும் போனார்கள். அவன் தொழுவத்துக்குப் பின்னால் எடுத்தது என்று ஒரு கறுத்த கட்டியைக் கொடுத்தான். கொல்லன் பட்டறைக் கசடு அது, எங்கள் பூனைக்கும் தெரியும். லெப்டினன்ட் அதை வாங்கிப் பெட்டியில் வைத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார். சிக்ஸ்டனிடம் கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.

"எனக்குத் தடை ஒன்னும் போடலப்பா," என்று கடைவாசலில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். "நான் சொல்லலாம். கேளுங்க." அவன் ராக்கெட் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ஆகஸ்டில் அதற்கு ஜன்னல் வைத்தான்.

அல்கோத்தோ வாயைத் திறப்பதில்லை. திறந்தாலும் ஒரே வாக்கியம். "ஏரியைப் பத்தி நான் பேசக்கூடாது."

"மீன் கிடைக்குதா அல்கோத்?" என்று ஒருத்தர் சாதாரணமாகக் கேட்டார்.

"மீன் ஏரியிலதானே இருக்கு," என்றார் அல்கோத். "பேசக்கூடாது."

பத்திரிகைகளுக்கு வேறு ஒரு கட்டளை. ராக்கெட் எங்கே விழுந்தது என்று ஊர்ப் பெயரைப் போடக்கூடாது. விட்டவன் அதைப் படித்துக் குறியைச் சரி பார்த்துக்கொள்வானாம். ஆகவே எங்கள் வட்டாரப் பத்திரிகையில், 'வடக்கே ஓர் ஏரியில், நம்பத்தகுந்த ஒருவர் கண்முன்' என்று செய்தி வந்தது. எங்கள் மாவட்டத்தில் குப்பைத்தொட்டியைவிட ஏரிகள் அதிகம். அந்த வாரம் ஒவ்வோர் ஊரும் அது தங்கள் ஏரி என்றது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவர்கள் ஏரியைக் காட்டினார்களாம். அங்கே ஒரு வாத்து இருந்தது.

ராணுவம் தெப்பம் கட்டி, நடு ஏரியில் நின்று, ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கியது. தண்ணீர் கொஞ்சம்தான், அதற்குக் கீழே சேறு. சேற்றுக்குக் கீழே இன்னும் சேறு. சிப்பாய்கள் பகலெல்லாம் சேற்றைக் குத்திவிட்டுக் கெர்டா அவித்த பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்கு உருண்டையைத் தின்று தெப்பத்திலேயே தூங்கினார்கள். அந்த உருண்டை நாலு தின்றால் எந்த ராணுவமும் படுத்துவிடும். இப்படியே வாரங்கள் போயின.

ஆகஸ்டு முடிவில், ஊறிப் புளித்த ஹெர்ரிங் மீன் டப்பாவை ஊரெல்லாம் திறந்து நாறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், லெப்டினன்ட் ஸ்டாக்ஹோமுக்குப் பேச வேண்டும் என்றார். கம்பியைச் செருகினேன். தூரத்து இணைப்பு. ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"ஒன்னும் கிடைக்கல கர்னல்," என்றார் வெஸ்டின்.

"அப்ப அந்த ஆள் சரியில்ல."

"இல்ல கர்னல். இந்தக் கோடை பூரா நான் எத்தனையோ பேரை விசாரிச்சேன். நான் முழுசா நம்புறது இந்த ஒருத்தரைத்தான். அவர் விழுந்ததுன்னா விழுந்தது. சேத்துக்குள்ள போயிருக்கு, நம்மால எடுக்க முடியல."

"அப்படின்னா இன்னும் மோசம்," என்றார் கர்னல். "அவர் வாயை இறுக்கிக் கட்டு. தெப்பத்தைப் பிரிச்சிட்டு வந்து சேரு. அறிக்கையில வேற மாதிரி எழுதிக்கலாம்."

"வேற மாதிரின்னா?"

"சுழல்காத்து. தண்ணியில வெயில். உனக்குத் தெரியாதா."

வெஸ்டின் போனை வைத்துவிட்டார். மறுநாள் லாரிகள் கிளம்பின. பலகையை மட்டும் பிடுங்க மறந்துவிட்டார்கள்.

இலை உதிர்ந்த பிறகு செய்தி வந்தது. கோடையில் மக்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இயற்கைக் காட்சிகளே. லோம்யார்வ் ஏரியில் நீண்ட நாள் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. பார்த்தவர் சுழல்காற்றையும் தண்ணீரில் பட்ட வெயிலையும் கண்டு ஏமாந்திருக்க வேண்டும். ஒன்றும் விழவில்லை என்றால் ரகசியமும் இல்லை, ரகசியம் இல்லை என்றால் ஊர்ப் பெயரைப் போடத் தடையும் இல்லை. பெருமை வந்தபோது பெயர் இல்லாமல் வந்தது. கேலி வந்தபோது முழு விலாசத்தோடு வந்தது. அதுவரை தங்கள் ஏரி என்று சண்டை போட்ட ஊர்களெல்லாம் ஒரே நாளில் விட்டுக்கொடுத்தன.

அல்கோத்துக்கு 'ராக்கெட் அல்கோத்' என்று பெயர் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பால் கொண்டுபோகும் வண்டிக்காரன் அவர் வாசலில் நிறுத்தி, "என்ன ராக்கெட், இன்னிக்குச் சுழல்காத்து உண்டா?" என்பான். அதே வாரம் சிக்ஸ்டனுடைய கட்டி கிரீட முத்திரை போட்ட தாளோடு திரும்பி வந்தது. தங்கள் பொருளில் இரும்பும் கரியும் காணப்படுகின்றன, ஒத்துழைப்புக்கு நன்றி. அவன் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினான். பார்த்தவன் ஏமாளி, ஏமாற்றியவனுக்கு அரசாங்க நன்றி.

அல்கோத் என் சமையலறைக்கு வந்தார். லெப்டினன்ட்டுக்கு இணைப்புக் கேட்டார்.

"லெப்டினன்ட் சார், பத்திரிகையிலேயே போட்டுட்டாங்க. இனி நான் பேசலாமா?"

"பேசலாம் மிஸ்டர் லிந்த்மார்க். ஒன்னும் விழலன்னு தாராளமாச் சொல்லலாம். விழுந்ததுன்னு சொல்றதுதான் இன்னும் ரகசியம்."

"விழலன்னு சொன்னா பொய் ஆயிடுமே சார்."

"அப்ப பேசாம இருங்க," என்றார் வெஸ்டின். அவர் குரல் நன்றாக இல்லை.

நவம்பரில் பள்ளிக்கூடத்தில் ஊர்க் கூட்டம். ஜூரி தேர்தல். இதுவரை அல்கோத்துக்கு எதிராக யாரும் நின்றதில்லை. இந்தத் தடவை சிக்ஸ்டன் நின்றான். குதிரைப் பல்லை அராவுகிறவன் நீதிபதி பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டான் என்றால், அவன் மேல் தப்பில்லை. காலம் அப்படி.

அல்கோத் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். கெர்டா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமை, பள்ளி ஆசிரியர். சிக்ஸ்டன் எழுந்து தொண்டையைச் செருமினான்.

"ஒரே கேள்விப்பா. ஜூரியா உக்காரப்போறவர்கிட்ட கேக்கலாமில்ல? ஏரியில நீ ஏதோ விழுந்ததைப் பாத்தியா, இல்லையா? ஆமான்னா அரசாங்கம் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். இல்லன்னா நீ பொய் சொல்லியிருக்கே. எதுன்னு நீயே சொல்லிடு."

யாரோ சிரித்தார்கள். பின் வரிசையில் ஒருவன் சுழல்காற்று மாதிரி ஊதிக் காட்டினான்.

ஆசிரியர் நல்லவர். அல்கோத்துக்கு வழி விட்டுக்கொடுக்கப் பார்த்தார். "அல்கோத், வெயில் நேரம். தண்ணி மின்னியிருக்கும். யாருக்கும் கண்ணு தப்பாத் தெரியும். அப்படி இருக்கலாம் இல்லையா? இருக்கலாம்னு சொன்னாப் போதும், மேல போயிடலாம்."

அந்த ஒரு வார்த்தை போதும். யானைக்கும் அடி சறுக்கும் என்று எல்லாரும் கை தட்டி அவரையே மறுபடி நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. யாருக்கும் சிக்ஸ்டன் மேல் ஆசை இல்லை. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது குவியவில்லை.

"ஏரியைப் பத்தி நான் பேசக்கூடாது," என்றார். "கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. இவ்வளவு நாள் அவரை நம்பியவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். கெர்டா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. என் கால் தானாக எழுந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்," என்றேன். "ராணுவம் என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியும். நான்-"

"ஹுல்டா."

அல்கோத் திரும்பி என்னைப் பார்த்தார். கோர்ட்டில் பார்க்கிற அந்தப் பார்வை.

"நீயும் கையெழுத்துப் போட்டிருக்கே," என்றார்.

சொல்லியிருந்தால் இணைப்பகம் அன்றே என் கையைவிட்டுப் போயிருக்கும். எனக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆனால் நான் உட்கார்ந்தது அதற்காக இல்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகு நின்றுகொண்டிருக்க முடியாது. உட்கார்ந்து அழுதேன், கோபத்தில்தான். கைகளைத் தூக்கச் சொன்னார்கள். சிக்ஸ்டன் ஜெயித்தான்.

அதன் பிறகு கறுப்புக் கோட்டு சாவு வீடுகளுக்கு மட்டும்தான். சிக்ஸ்டன் கோர்ட்டில் குறட்டை விட்டுத் தூங்கியே காலத்தைக் கழித்தான். நீதிபதிகள் மாறினார்கள், குறட்டை மாறவில்லை. அல்கோத் பசுக்களைப் பார்த்துக்கொண்டார், படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார், நடுவில் கொஞ்ச நேரம் துடுப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். யார் என்ன கேட்டாலும் அதே வாக்கியம். அதற்குப் பிறகு ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 'ராக்கெட்' என்றால் அவர்தான். ஏன் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கெர்டா மட்டும் சாகும்வரை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நான் காப்பிக்கு நெருப்பு மூட்டாம திரும்பி நின்னிருந்தா ரெண்டு சாட்சி ஆயிருக்கும் ஹுல்டா. ஒரு காப்பி. ஒரு காப்பிக்காக."

இணைப்பகத்தையும் ஒரு நாள் எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள். தானியங்கி வந்துவிட்டது. இனி ஊரில் யார் பேசுவதும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுவில், அல்கோத் கிழவராகிக் கெர்டாவும் போன பிறகு, ராணுவத்திலிருந்து ஓர் இளம் பெண் கேப்டன் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். அன்று நான் அல்கோத் வீட்டில் காப்பி வைத்துக்கொண்டிருந்தேன்; எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

"அந்தக் கோடையோட கோப்புகளைத் திறந்தாச்சு தாத்தா," என்றாள். "ரகசியம் எடுத்தாச்சு. நீங்க இனி தாராளமாப் பேசலாம்."

"கையெழுத்து?"

"அதுவும் முடிஞ்சுது."

அல்கோத் தட்டில் ஊற்றிய காப்பியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "சாம்பல் நிறத்துல ஒன்னு தெக்கேருந்து வந்துச்சு. கட்டை ரெக்கை. ஏரியில விழுந்துச்சு. தண்ணி எழும்புச்சு. ஆம்பல் கொடி கரையில ஒதுங்கிச்சு."

அவள் காத்திருந்தாள். கருவி சுற்றிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா தாத்தா?"

"அவ்வளவுதாம்மா. நான் வேற ஒன்னும் பாக்கல."

"கோப்புல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று அவரே கேட்டார். நாற்பது வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான்.

அந்தப் பெண் தாள்களைப் புரட்டினாள். சங்கடப்பட்டாள். "உங்க பேர் இல்ல. ஏரி பேர் இருக்கு. சுழல்காத்துன்னு போட்டிருக்கு." பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிக் கிளம்பிப்போனாள்.

அவள் கார் வளைவு திரும்பும்வரை அல்கோத் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏரியைப் பார்த்தபடியே, "அன்னிக்குக் கூட்டத்துல நீ எந்திரிச்சே," என்றார்.

"எந்திரிச்சேன்."

"நான் உங்கிட்ட எதையும் கேக்கல."

"நீங்க கேக்க மாட்டீங்க அண்ணே. என் கையெழுத்தை யாரும் ரத்து பண்ணவும் இல்ல. நானாச் சொல்றேன்."

சொன்னேன். வெஸ்டின் கர்னலிடம் பேசியதை வார்த்தை விடாமல் சொன்னேன். முழுசா நம்புறது இந்த ஒருத்தரைத்தான். அவர் விழுந்ததுன்னா விழுந்தது.

அல்கோத்தின் பெரிய காதுகள் சிவந்தன.

"அப்படிச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நம்பினவர் ஏன் என் வாயை மட்டும் கட்டினாரு? சிக்ஸ்டனை விட்டுட்டாங்களே. அவன் ஜன்னல் வச்சு, கதவு வச்சு, எல்லாம் சொன்னானே."

"அவனை யாரும் நம்பல அண்ணே," என்றேன். "அதான் பேச விட்டாங்க."

அல்கோத் அதை யோசித்தார், கல்யாணத்தில் யோசித்த மாதிரி, அவசரப்படாமல். பிறகு உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தார்.

"காப்பி ஆறிப்போச்சு," என்றார்.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. எழுந்துபோய்ப் புதிதாக வைத்தேன். அல்கோத் சொன்னால் சரி.